கண்டதும் கேட்டதும்: சூரியனை நோக்கிச் செல்லும் சாலை

மலைப்பாதையில் மோட்டார் ஓட்டிச் செல்வோருக்கு, ஒவ்வோர் இடம் வரும்போதும் அவ்விடத்தின் வரலாற்றை எடுத்துரைக்கும் குரல் ஒன்றைக் கைப்பேசியிலேயே உடன்கொண்டு செல்லும் வழக்கம் வட அமெரிக்காவில் இப்போது நன்கு பரவியிருக்கிறது. சங்கத்து அன்பர்கள் பலர் மக்களையும் பேரக்குழந்தைகளையும் காண அந்நாட்டிற்குச் சென்று, மூன்று மாதமோ ஆறு மாதமோ தங்கித் திரும்புகின்றனர். கோடை விடுமுறையில் பிள்ளைகள் நம்மை எங்கேனும் அழைத்துச் செல்லாமல் விடுவதில்லை. ஆகையால், இவ்வகைப் பயணத்தைப் பற்றி நாம் கண்டதையும் கேட்டதையும் இம்மாதம் எழுதுவது பயனுடையதாகும் என்று கருதுகிறோம்.

நாம் சென்ற சாலை மோண்டானா மாநிலத்தில், கனடா நாட்டு எல்லையை ஒட்டியுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் இருக்கிறது. 1910ஆம் ஆண்டில் ஏற்பட்ட அப்பூங்காவை மேற்கிலிருந்து கிழக்காக ஊடறுத்துச் செல்லும் அச்சாலையின் நீளம் சுமார் 50 மைல். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சூரியனை நோக்கிச் செல்லும் சாலை’ என்றாகும். பெயரின் கதையைப் பின்னால் சொல்லுகிறோம். அது சற்றுச் சிக்கலானது.

முதலில் குரல் பேசும் விதம். அதற்குரிய செயலியைக் கைப்பேசியில் இறக்கி, இன்ன சாலைக்குரிய பதிவு என்று தேர்ந்து விலைகொடுத்து வாங்க வேண்டும். ஒரு வண்டிக்கு ஒன்று போதும். ஏறியிருப்போர் எத்தனை பேராயினும் தனித்தனியே செலவில்லை. வீட்டிலோ விடுதியிலோ இணைய வசதி உள்ளபோதே பதிவு முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. மலைக்குள் கைப்பேசித் தொடர்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. முன்னரே இறக்காமல் வந்துவிட்ட குடும்பம் ஒன்றை ஏரிக்கரையில் கண்டோம். நான்கு பேரும் நான்கு திசையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தொடர்பு இல்லாத இடத்தில் குரல் மட்டும் எவ்வாறு வருகிறது என்று சம்பந்தியம்மாள் கேட்டார். நல்ல கேள்வி. செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையைப் பெற்றுக் கைப்பேசி தானிருக்கும் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அதற்குத் தொலைபேசிக் கோபுரத்தின் துணை வேண்டுவதில்லை. ஒவ்வொரு கதைக்கும் சாலையில் ஓரிடத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். வண்டி அவ்விடத்தை எட்டியதும் குரல் எழுகிறது. கதை முடிந்ததும் அடங்குகிறது. நாம் இறங்கி அருவியருகே அரை மணி நேரம் நின்றாலும் அது அவசரப்படுத்துவதில்லை. ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதுமில்லை. ஆனால் இடத்தைக் கணித்துக்கொண்டே இருப்பதால் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும். வண்டியிலேயே மின்னேற்றும் கம்பியை மறவாமல் எடுத்துச் செல்க.

சாலை அமைந்த வரலாறு கேட்கத் தக்கது. பூங்காவின் குறுக்கே சாலை வேண்டும் என்று முடிவானபோது, முதலில் எழுந்த திட்டம் ஒரு பள்ளத்தாக்கின் வழியே பதினைந்து கொண்டையூசி வளைவுகளோடு மேலேறுவதாக இருந்தது. தாமஸ் வின்ட் என்னும் நிலவனப்புக் கலைஞர் அதை மறுத்தார். அத்தனை வளைவுகள் மலையின் முகத்தைக் கீறிவிடும் என்பது அவர் கருத்து. செங்குத்தான மலைச்சுவரின் ஓரமாகவே சாலையைக் குடைந்து சென்றால் ஒரே ஒரு வளைவு போதும் என்றார். செலவு மிகுதி, உழைப்பும் மிகுதி. ஆயினும் அவர் சொன்ன வழியே ஏற்கப்பட்டது. 1924இல் பிராங்க் கிட்ரெட்ஜ் என்னும் பொறியாளர் குழுவினருடன் அம்மலைச்சுவரில் கயிற்றைப் பற்றித் தொங்கியபடி நில அளவை செய்தார். வேலைக்கு வந்தவர்களில் பலர் நிலைக்காமல் விட்டுப் போயினராம். அம்மலைச்சுவரைப் பார்த்த பிறகு அவர்கள்மீது நமக்குக் குறைசொல்லத் தோன்றவில்லை. 1932இல் சாலை முடிந்து, 1933ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் லோகன் கணவாயில் திறப்பு விழா நடந்தது. வேலையின்போது மூவர் உயிரிழந்தனர்.

வின்ட் சொன்ன அந்த ஒற்றை வளைவு இன்றும் இருக்கிறது. அதைக் கடந்ததும் ஒருபுறம் பாறைச்சுவர், மறுபுறம் பாதாளம். சாலையின் ஏற்றம் எங்கும் நூற்றுக்கு ஆறுக்கு மேற்படாமல் அமைத்திருப்பதால் வண்டி திணறுவதில்லை, திணறுவது நெஞ்சுதான். ஓரத்துக் கைப்பிடிச் சுவரை அம்மலைக் கல்லாலேயே கட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் பாறைச்சுவரிலிருந்து கசியும் பனிநீர் சாலைமீதே சொரிகிறது. ‘அழும் சுவர்’ என்று அதற்குப் பெயர். 1930களில் செய்யப்பட்ட செந்நிறப் பேருந்துகள், புதுப்பிக்கப்பட்டு, கூரையைச் சுருட்டிக்கொண்டு இன்றும் ஓடுகின்றன.

அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்லுமாதலால், மேற்கிலிருந்து கிழக்கே ஏறும்போது நமது வண்டி பாதாளத்தின் பக்கமாகவே போகும். ஓட்டுநரின் வலப்பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கண்ணாடிக்கு அப்பால் வானமும் பள்ளத்தாக்குமே தெரியும். தலைசுற்றல் உள்ள பெரியவர்கள் கிழக்கே செயின்ட் மேரி என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு மேற்கு நோக்கி வந்தால், மலைச்சுவரை அணைந்தபடியே இறங்கலாம். சாலை முழுவதும் திறந்திருப்பது பெரும்பாலும் ஜூன் இறுதி அல்லது ஜூலைத் தொடக்கம் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரையில்தான். 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை மலைப்பகுதிக்குள் விடுவதில்லை. நுழைவு விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் புறப்படுமுன் கேட்டறிந்து செல்வது நலம்.

லோகன் கணவாயின் உயரம் 6,646 அடி. அங்கே குரல் சொன்ன செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கணவாய்க்கு மேற்கே விழும் மழைத்துளி பசிபிக் கடலைச் சேரும். கிழக்கே ஓரடி தள்ளி விழுவது செயின்ட் மேரி ஏரியில் கலந்து, கனடாவுக்குள் புகுந்து, வடக்கே ஹட்சன் வளைகுடாவில் முடியும். ஒரே மேகம், ஒரே மலை. போய்ச் சேரும் கடல் வேறு.

கணவாயைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால், சாலையிலிருந்தே ஒரு பனியாற்றைக் காணும் இடம் வருகிறது; ஜாக்சன் பனியாறு என்பது அதன் பெயர். வண்டியை நிறுத்தினோம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பேரன் அந்நாட்டிலேயே பிறந்தவன், வயது பதினொன்று. தமிழ் அவனுக்கு நன்றாகவே புரியும். விடை மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். சம்பந்தியம்மாளுக்கோ ஆங்கிலம் தெரியாது. குரல் பேசத் தொடங்கியது முதல் அவர் “என்ன சொல்றான், என்ன சொல்றான்?” என்று கேட்டபடியே வந்தார். மருமகள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள்; மகனுக்கோ உறக்கம். நாம் வாய் திறக்குமுன் பையனே சொல்லத் தொடங்கிவிட்டான்.

“அது ஐஸ் ஆறு, பாட்டி.”

“ஆறுன்னா ஓடணுமே, கண்ணு. இது நிக்கறதே?”

“ஓடுது. ரொம்ப மெதுவா. நம்ம கண்ணுக்குத் தெரியாது.”

‘பனியாறு’ என்று நம்மவர் நூல்களில் எழுதும் சொல்லை அவன் அறிந்தவனல்லன், தானே கண்டுபிடித்துக்கொண்டான். 1850 அளவில் இப்பூங்காவில் ஏறத்தாழ 150 பனியாறுகள் இருந்தன என்றும், 2015இல் எடுத்த கணக்கில் 26 மட்டுமே பனியாறு என்று சொல்லத்தக்க அளவுடையனவாக எஞ்சின என்றும் குரல் சொல்ல, அதையும் விடாமல் சொன்னான். “அப்ப மிச்சமெல்லாம்?” என்றார் பாட்டி. “கரைஞ்சு போச்சு.” சிறிது நேரம் அந்த வெண்திட்டையே பார்த்திருந்துவிட்டு, “நீ பெரியவனாகி உன் பிள்ளையை அழைச்சுண்டு வரச்சே இது இருக்குமாடா?” என்று கேட்டார். அதற்குக் குரலில் விடையில்லை. பையனும் பேசவில்லை.

பூங்காவில் முன்னர்ச் சில அறிவிப்புப் பலகைகள், 2020க்குள் பனியாறுகள் எல்லாம் மறைந்துவிடும் என்று உறுதியாகக் கூறிக்கொண்டிருந்தன. அவை அவ்வளவு விரைவில் மறையாததால் பலகைகளை மாற்றி எழுதினார்கள். சுருங்கிவருவது மெய், நாள் குறித்ததுதான் தவறிப்போயிற்று. பலகையை மாற்றுவது எளிது, காண்போர்க்கும் தெரியும். பதிந்த குரல் எந்த ஆண்டு பேசியது என்பதை வாங்குவோர் பார்த்து வாங்குவதே முறை.

நிற்க. பெயரின் கதைக்கு வருவோம். சாலைக்குப் பெயர் தந்தது அருகிலுள்ள ஒரு மலைமுடி. பிளாக்ஃபீட் என்னும் அந்நிலத்துப் பழங்குடி மக்களுக்கு வேட்டைத் தொழிலைக் கற்பிக்க ஆவியுருவான தெய்வம் ஒன்று சூரியனிடமிருந்து இறங்கி வந்ததென்றும், திரும்பிச் செல்லுகையில் தன் உருவத்தை அம்முடியில் பதித்துச் சென்றதென்றும் 1933இல் அரசாங்கம் வெளியிட்ட அறிக்கை கூறியது. அப்படியொரு கதையே அம்மக்களிடம் இல்லை, 1880களில் வந்த வெள்ளையர் ஒருவர் பெயரையும் கதையையும் புனைந்தார் என்று கூறுவாரும் உளர். நாம் வாங்கிய குரல் முதற்கதையை மட்டும் இனிய பின்னணி இசையுடன் சொல்லிவிட்டு, ஒரு நகைச்சுவையையும் சேர்த்து முடித்துக்கொண்டது. நமக்கு அது சுவைக்கவில்லை.

அம்மக்கள் இம்மலைத்தொடரை ‘உலகின் முதுகெலும்பு’ என்கின்றனர். மலையின் கிழக்குப் பகுதி 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 15 லட்சம் டாலருக்கு அவர்களிடமிருந்து அரசின் கைக்கு மாறியது. அங்கு வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், மரம் வெட்டவும் தமக்குள்ள உரிமையை அவர்கள் அவ்வுடன்படிக்கையில் காத்துக்கொண்டார்கள். பூங்கா ஏற்பட்ட பிறகு அவ்வுரிமை செல்லாது என்று அரசினர் கொண்டனர். செயின்ட் மேரியில் சாலை முடியுமிடத்தில் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் தொடங்குகிறது. பிளாக்ஃபீட் மக்களே வழிகாட்டிகளாக இருந்து அழைத்துச் செல்லும் பேருந்துகளும் அப்பக்கத்திலிருந்து புறப்படுகின்றன. ஒரு நாள் மிச்சமிருப்போர் அதில் ஒருமுறை செல்வது நல்லது என்பது நமது துணிபு. ஒரு மலையின் கதையை யார் சொல்லக் கேட்கிறோம் என்பதும் பயணத்தில் சேர்ந்ததே.

மும்பைக்குத் திரும்பிய பிறகும் அந்த மழைத்துளி நம் நினைவை விடவில்லை. நம்மில் பலர் மாதம் ஒருமுறையேனும் புனேவுக்குச் செல்லும் போர்காட் மலைப்பாதையும் அத்தகையதே. அதன் மேற்கே பெய்யும் மழை உல்லாஸ் நதியாய் அரபிக்கடலை அடைகிறது. லோணாவளாவுக்கு அருகே பிறக்கும் இந்திராயணி கிழக்கே ஓடி, பீமையில் கலந்து, கிருஷ்ணையோடு சேர்ந்து வங்கக் கடலில் விழுகிறது. ஆளந்தியில் ஞானேசுவரர் சமாதியைத் தொட்டோடும் ஆறு அதுவே. வண்டியில் நம் குழந்தைகள் அவ்வழியே எத்தனை முறை உறங்கிக்கொண்டே போயிருக்கிறார்கள்!

கதைக்கும் அங்கே பஞ்சமில்லை. இம்மலையில் இருப்புப்பாதை போட ஒப்பந்தம் பெற்ற சாலமன் டிரெட்வெல் 1859இல் இங்கு வந்த சில வாரங்களில் நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி ஆலிஸ் ஊருக்குத் திரும்பாமல் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, பொறியாளர்களை அமர்த்தி வேலையை முடிப்பித்தார்; 1863இல் பாதை திறக்கப்பட்டது. பழைய சாலையில் சிங்ரோபா கோயில் என்று ஒரு சிறு கோயில் இருக்கிறது. ஆங்கிலேயருக்கு மலையேறும் வழியைக் காட்டிய ஆட்டிடையர் ஒருவர் அவர்கள் கையாலேயே கொல்லப்பட்டார் என்பது அங்குள்ளோர் வழங்கும் கதை. அவ்வழிச் செல்லும் ஓட்டுநர் பலர் அக்கோயிலில் கும்பிட்டுச் செல்கின்றனர். ஏன் கும்பிடுகிறோம் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் விடை சொல்லத்தான் ஆளில்லை.

இவற்றைத் தமிழில் பதிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. இடத்திற்கு ஒன்றாக, இரண்டு மூன்று நிமிடப் பேச்சுகளைக் கைப்பேசியிலேயே பதிந்து, இடத்தின் பெயரால் வரிசைப்படுத்தி வைத்தால் போதும். செயற்கைக்கோள் செய்யும் வேலையை, பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகளே செய்வார்கள், “பாட்டி, கோயில் வருது, போடட்டுமா?” என்று கேட்டு இயக்குவதில் அவர்களுக்கும் ஓர் அலுவல். பன்வேல் முதல் லோணாவளா வரை பத்துப் பன்னிரண்டு இடங்கள் தேறும். மராத்தி நன்கறிந்த அன்பர்கள் சிங்ரோபா கோயிலருகே உள்ள பெரியவர்களிடம் நேரில் கேட்டு எழுதித் தந்தால் அப்பகுதி செம்மையாக அமையும். நாமாகப் புனைந்து சேர்த்தல் கூடாது. குரல் கொடுக்க விரும்பும் தாய்மாரும் பெரியோரும், எழுதித் தர இசைவோரும் அடுத்த மாதக் கூட்டத்தின் முடிவில் சங்க நூலகத்தில் சந்திக்கலாம். சம்பந்தியம்மாள் இந்திராயணியைத் தமக்கென்று இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார்.