மதிலே தூது சொல்லும் விந்தை

உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வு பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்த கொழுப்பினால் ஆயது. அதனை வெறும் மதிற்சுவர் என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். மதில் எங்ஙனம் பேசும்?

1953-ஆம் ஆண்டில் லோவெல், மேபிள் ஹோக்கின் தம்பதியர் புறாவின் கணையத்தை மெல்லிய சீவல்களாக்கி, நரம்புகளின் தூதுப் பொருளாகிய அசிட்டைல்கோலினை அவற்றில் சேர்த்தனர். சீரணச் சுரப்பு பெருகிற்று. உடன் இட்ட கதிரியக்கப் பாஸ்பரஸ் ஆர்.என்.ஏ.யில் மிகுதியாகச் சேரும் என எதிர்பார்த்தனர். அங்கே மாற்றமில்லை, சவ்வின் கொழுப்பிலோ அது பன்மடங்கு ஏறியிருந்தது! இத்துணைத் தெளிவான குறிப்பின் பொருள் விளங்க முப்பது ஆண்டுகள் சென்றன என்பது நமக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

1983-இல் விடை கிட்டியது. அதுவும் கணையத்தின் அணுக்களிலேயே. புறத்தே தூது வந்து சேர்ந்ததும், நொதியொன்று சவ்விலுள்ள கொழுப்பு ஒன்றை இரண்டாகப் பிளக்கிறது. நீரில் கரையும் துண்டு உள்ளே சென்று, அணுவினுள் அடைத்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்து விடுகிறது. அதுவே சுரப்புக்குக் கட்டளை. எஞ்சிய துண்டு சவ்விலேயே தங்கி வேறொரு நொதியை ஏவுகிறது. நாம் உணவுக்கு அமரும்போதெல்லாம் நம் கணையத்திலும் இதுவே நிகழ்கிறது.

பிளந்த துண்டுகள் வீணாவதில்லை. மீண்டும் பாஸ்பரஸ் ஏற்றுக் கொழுப்பாகி, மதிலிலேயே சேர்கின்றன. ஹோக்கின் தம்பதியர் அன்று கண்டது இந்தப் புதுப்பிப்பைத்தான்.