புருவம் பதில் சொல்லும் ஊர்

புதிதாக வந்த உபாத்தியாயினி அம்மாள் ஒரு பையனைப் பார்த்து, "கணக்கை முடித்துவிட்டாயா?" என்று கேட்கிறார். பையன் வாய் திறப்பதில்லை. மறுபடியும் கேட்கிறார், அப்போதும் மௌனம். மூன்றாம் தடவை கேட்கும்போது குரலில் கோபம் ஏறிவிடுகிறது. பையனோ முதல் தடவையே பதில் சொல்லியாயிற்று! புருவத்தைச் சற்று மேலே தூக்கினான். அதற்கு "ஆம்" என்று பொருள். மூக்கைச் சுளித்திருந்தால் "இல்லை" என்று பொருள். அலாஸ்காவின் தென்மேற்கு மூலையில் யூப்பிக் ஜனங்களின் கிராமங்களுக்கு உத்தியோகம் ஏற்றுப் போகும் ஆசிரியர்கள் முதல் வாரத்தில் கற்கவேண்டிய பாடம் இது. அதற்குப் பரீட்சை வைப்பவர்கள் குழந்தைகள்.

எஸ்கிமோ என்றதும் நம்மில் பலருக்குப் பனிக்கட்டியால் கட்டிய வீடுதான் ஞாபகத்துக்கு வரும். பாடப் புத்தகங்கள் நமக்குச் செய்த உபகாரம் அது! யூப்பிக் மக்கள் பனிக்கட்டி வீட்டில் குடியிருந்தவர்கள் அல்லர். தரையைத் தோண்டி, மரமும் புல்மண்ணும் போட்டு மூடிய வீடுகளில் முன்னாளில் வசித்தார்கள். இப்போது பலகை வீடுகளில் வசிக்கிறார்கள். யூக்கான், கஸ்கோக்விம் என்ற இரு பெரு நதிகள் கடலில் கலக்கும் சதுப்பு நிலம் அவர்களுடைய நாடு. மரம் அபூர்வம், எங்கே பார்த்தாலும் குட்டையும் ஏரியும் பாசியும்தான். பூமி அடியில் உறைந்து கிடப்பதால் வீடுகளைக் கால்கள் நட்டு உயர்த்திக் கட்டுகிறார்கள். பல ஊர்களில் தெரு என்பதே சேற்றின்மேல் போட்ட பலகைப் பாதைதான்.

அந்தப் பிரதேசத்தின் தலைநகர் போன்றது பெத்தெல். அதன் ஜனத்தொகை சுமார் 6,000. ஆங்கரேஜ் நகரத்திலிருந்து ஏறக்குறைய 400 மைல் மேற்கே இருக்கிறது, ரஸ்தா கிடையாது, ஆகாய விமானத்தில்தான் போகவேண்டும். அங்கிருந்து இன்னும் சிறிய விமானம் ஒன்றில் ஏறி, சில நூறு பேர் வசிக்கும் கிராமத்தில் ஆகஸ்டு மாதம் ஆசிரியர் வந்து இறங்குகிறார். மழைகாலத்தில் படகுப் பாதையாக இருக்கும் நதி குளிர்காலத்தில் உறைந்து, அதன்மேல் மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. ஊரின் மிகப் பெரிய கட்டடம் பள்ளிக்கூடம். பல ஊர்களில் ஆசிரியருக்குக் கொடுக்கும் ஜாகையில் குழாய்த் தண்ணீர் உண்டு. பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கிடையாது. அவள் தண்ணீரைச் சுமந்து வரவேண்டும். கழிவைப் பக்கெட்டில் எடுத்துப்போய்க் கொட்டவேண்டும். புதிய ஆசிரியர் ஊராருடன் பழகும் முன்பே இந்தக் குழாய் இருவருக்கும் நடுவில் நின்றுவிடுகிறது.

ஆகஸ்டில் சதுப்பு நிலத்தில் ஆரஞ்சு நிறக் குறும்பழங்கள் பறிக்கும் காலம். அதற்குப் பின் செப்டம்பரில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடும் காலம். தகப்பனுடன் போன பையன் வகுப்புக்கு வரவில்லை. ஆசிரியர் பதிவேட்டில் "வரவில்லை" என்று குறித்துக்கொள்கிறார். குளிர்காலம் முழுவதும் குடும்பம் சாப்பிடவேண்டிய மாமிசத்தைச் சேகரிக்கவும், நதியின் வளைவுகளையும் காற்றின் திசையையும் கண்டுகொள்ளவும் அந்தப் பையன் கற்றுக்கொண்டிருந்தான் என்பது பதிவேட்டில் ஏறுவதில்லை. டிசம்பரில் பெத்தெலில் சூரியன் காலை பதினொரு மணி சுமாருக்கு எழுந்து, நாலரை மணி சுமாருக்கு அஸ்தமித்துவிடுகிறது. முதல் இரண்டு பாடங்கள் இருட்டிலேயே நடக்கும். வெளியூர் ஆசிரியர் பலருக்கு மனம் தளர்வது இந்த மாதத்தில்தான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தவர் வசந்தத்தில் மூட்டை கட்டுகிறார். கதவைத் திறந்தவருக்கு வேறு அனுபவம். "மக்கி" என்னும் நீராவிக் குளியலுக்கு யாரோ ஒரு அம்மாள் அழைப்பாள். கொழுப்பைக் குழைத்துச் சர்க்கரையும் பழமும் சேர்த்த "அகூதக்" கிண்ணத்தில் வரும். அந்தச் சொல்லுக்கே "கலந்தது" என்று அர்த்தம். "குயானா" என்று வந்தனம் சொல்லக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெயர் விஷயத்திலும் ஒரு திகைப்பு உண்டு. சமீபத்தில் காலமான ஒருவருடைய பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். பெயருடன் உறவும் வந்துவிடுகிறது. எழுபது வயதுப் பாட்டி ஐந்து வயதுப் பையனை "அப்பா" என்று வாஞ்சையுடன் கூப்பிடக் கூடும். "பேரன்" என்ற சொல்லின் பிறப்பை அறிந்த நம் வாசகர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஆனால் பதிவேட்டிலுள்ள ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்த ஆசிரியர், அந்தச் சிறுவன் ஊரில் யாராக இருக்கிறான் என்பதை அறிய வெகு நாளாகும்.

இத்தனைக்கும் பள்ளிக்கூடம் அங்கே நேற்று முளைத்ததல்ல. 1867-ல் ருஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அமெரிக்கா அலாஸ்காவை வாங்கியது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1885-ல் ஷெல்டன் ஜாக்ஸன் என்ற பாதிரியாரைக் கல்வி அதிகாரியாக நியமித்தார்கள். இங்கிலீஷ் ஒன்றே கல்வி என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை அவருக்குப் பின்னும் வெகு காலம் நின்றது. தாய்பாஷையில் பேசிய குழந்தைகளைத் தண்டித்தார்கள். 1900-ம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி, பாஷையும் ஐதிகமும் அறிந்த முதியவர்கள் ஏராளமாக மாண்டுபோன சமயம் அது. அநாதைகளாக மிஞ்சியவர்களுக்கு எதிர்த்துப் பேச நாதியில்லை.

ஆனால் புத்தி மாத்திரம் மாளவில்லை. உயாகுக் என்ற யூப்பிக் மனிதர் ஒருவர் இருந்தார். "ஹெல்ப்பர் நெக்" என்று பாதிரிமார்கள் அவரை அழைத்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சித்திரக் குறிகளில் ஆரம்பித்து, சில வருஷங்களுக்குள் அசை அசையாக எழுதும் ஒரு லிபியையே தம் பாஷைக்கு உண்டாக்கிவிட்டார். மனித குலம் ஆயிரக்கணக்கான வருஷங்களில் நடந்து கடந்த வழியை ஒரே மனிதர் தம் ஆயுளுக்குள் நடந்து முடித்தார் என்றால் மிகையல்ல. அந்த மேதையின் இனத்துக் குழந்தைகளைத்தான் "எழுத்தறிவில்லாத ஜாதி" என்று பள்ளிக்கூடம் நினைத்தது!

மேற்படிப்புக்கு வேறு கஷ்டம். கிராமங்களில் உயர்தரப் பாடசாலை இல்லாததால், பதிமூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளை வீட்டைவிட்டுப் பிரித்துத் தூரத்து விடுதிகளுக்கு அனுப்பினார்கள். சிலர் ஆரிகன் மாகாணம் வரையில் போகவேண்டியிருந்தது. இதை எதிர்த்து 1972-ல் தொடுத்த வழக்கு, எம்மோனக் என்ற ஊரைச் சேர்ந்த மாலி ஹூட்ச் என்னும் மாணவியின் பெயரால் பிரசித்தமாயிற்று. 1976-ல் சர்க்கார் இணங்கி வந்தது. 126 கிராமங்களுக்கு அவ்வவ்வூரிலேயே உயர்தரப் பள்ளி என்று முடிவாயிற்று. பாஷைக்கும் அதே காலத்தில் விடிவு பிறந்தது. 1960-களில் ஐரீன் ரீட் என்ற அம்மையாரும் யூப்பிக் அறிஞர்களும் சேர்ந்து அலாஸ்கா சர்வகலாசாலையில் எழுத்துமுறை ஒன்றை வகுத்தார்கள். 1970 முதல் சில பள்ளிகளில் சிறு குழந்தைகளுக்கு யூப்பிக்கிலேயே பாடம் தொடங்கியது. 1995-ல் பெத்தெலில் முழுவதும் யூப்பிக்கில் போதிக்கும் வகுப்பு ஆரம்பமாயிற்று. 2014-ல் அலாஸ்காவின் சுதேச பாஷைகள் இருபதும் அரசாங்க பாஷைகளாக ஒப்புக்கொள்ளப்பட்டன. இப்போது யூப்பிக் பேசுவோர் சுமார் 10,000 பேர். தாத்தா பேசுகிறார், தகப்பன் புரிந்துகொள்கிறான், மகன் புருவத்தை மட்டும் உயர்த்துகிறான் என்ற நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. ஆகவே இந்த ஏற்பாடுகளையெல்லாம் அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது.

புதிய ஆசிரியர் இங்கேதான் தாம் யார் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். கணக்கையே எடுத்துக்கொள்வோம். யூப்பிக் எண்கள் உடம்பிலிருந்து பிறந்தவை. ஐந்துக்குரிய சொல் கையோடு உறவுள்ளது. ஆறு என்றால் மறு கைக்குக் "கடந்து போவது". இருபது என்றால் கைவிரலும் கால்விரலும் எண்ணி முடித்த ஒரு முழு மனிதன். சால்மன் மீனைக் காயவைக்கும் பரணுக்கு அடித்தளம் போடும்போது ஊர்ப் பெரியவர் மூலைமட்டம் தேடுவதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களைச் சமமாக அளந்துகொண்டு, பின்பு மூலைக்கு மூலை கயிறு பிடிக்கிறார். இரு கயிறும் ஒரே நீளமானால் நான்கு மூலையும் நேர். பலகையில் க்ஷேத்திர கணிதம் எழுதி ஆசிரியர் நிரூபிக்க முயல்வதைப் பையனுடைய தாத்தா நதிக்கரையில் வருஷந்தோறும் நிரூபித்து வருகிறார்! ஜெர்ரி லிப்கா என்ற பேராசிரியரும், "முன்னே செல்பவர்கள்" என்று தங்களை அழைத்துக்கொண்ட யூப்பிக் ஆசிரியர் குழுவும், பெரியவர்களை அருகில் இருத்திக்கொண்டு இதையெல்லாம் பாடப் புத்தகங்களாக்கினார்கள். மீன் பரண் கட்டுவது ஒரு புத்தகம். மேலங்கியில் தைக்கும் கோலங்கள் இன்னொன்று. நமக்குத் தெரிந்தவரை, இங்கிலீஷ்ப் புத்தகத்தில் ஆப்பிளும் ரயில் வண்டியும் எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ புத்திசாலித்தனமான காரியம்.

யூப்பிக்கில் பள்ளிக்கூடத்துக்கு "எலிட்நௌர்விக்" என்றும், ஆசிரியருக்கு "எலிட்நௌரிஸ்தா" என்றும் பெயர். இரண்டுக்கும் வேர்ச்சொல் "கற்றுக்கொள்" என்பதே.

கஷ்டமெல்லாம், கற்றுக்கொள்ளும் முன்பே பலர் போய்விடுவதுதான். வெளி மாகாணங்களிலிருந்து வருகிறவர்களில் அநேகர் ஒன்றிரண்டு வருஷத்துக்குமேல் தங்குவதில்லை. சமீப வருஷங்களில் ஆள் கிடைக்காமல் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். குளிரும் தனிமையும் விளையாட்டல்ல. ஆனால் ஒரு குழந்தையின் நிலைமையை யோசிக்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு புது முகம். வருஷத்துக்கு ஒரு தடவை புருவத்தின் அர்த்தத்தை முதலிலிருந்து விளக்கவேண்டும். மாறாமல் இருப்பவர்கள் வகுப்பில் உதவிக்கு இருக்கும் உள்ளூர் அம்மாள்களே. சம்பளத்தில் கீழ்ப்படியில் நிற்கும் அவர்கள்தான் புதிய ஆசிரியருக்கு, "அந்தப் பெண்ணை இன்று கேள்வி கேட்காதீர்கள், நேற்று அவள் வீட்டில் துக்கம்" என்று காதோடு சொல்கிறவர்கள். அவர்களையே பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்குவதில் கிராமங்கள் இப்போது ஊக்கம் காட்டுகின்றன.

பள்ளிக்கூடம் யாருடையது என்ற கேள்வி 2025 அக்டோபரில் ஒரே இரவில் வேறு உருவம் எடுத்தது. ஹாலோங் புயலின் மிச்சம் கடலைக் கரைமேல் ஏற்றியதில், கிப்நக், க்விகில்லிங்கோக் என்ற கிராமங்களில் வீடுகள் ஆட்களுடன் மிதந்து போயின. தப்பினவர்கள் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானவர்களை விமானங்களில் ஏற்றி ஆங்கரேஜுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நகரத்தில் யூப்பிக்கில் போதிக்கும் ஆரம்பப் பள்ளி வகுப்பு ஒன்று முன்பே நடந்துவந்தது. வெள்ளத்தில் வீடிழந்த குழந்தைகளில் சிலர் அங்கே சேர்ந்தார்கள்.