சொல் காத்த உயிர்

கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விண்வெளிக் கணினி விளையாட்டில், ஆடுபவர் ஷெப்பர்டு என்னும் படைத்தலைவராகிறார். போர்வீரர், பொறியாளர் முதலிய ஆறு வகுப்புகளுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே ஏற்கிறார். மறுமொழியையோ உரையாடல்தோறும் தேர்ந்தாக வேண்டும்.

விர்மயர் என்னும் கோளில் தோழன் ரெக்ஸ் சினந்து துப்பாக்கியை நீட்டுகிறான். அவன் இனத்தின் குழந்தைப்பேற்றைக் குலைக்கும் நோய்க்கான மருந்து, நிகழவிருக்கும் தாக்குதலில் அழியப்போகிறது. தக்க சொல் கேட்டால் தணிவான். இல்லையேல் அங்கேயே மடிய நேரும். அவன் இல்லாக் குறை, 2012-இல் வந்த மூன்றாம் பாகத்திலும் தொடரும்.

நம் இல்லத்திலும் சினந்து நிற்பவரின் சினத்திற்குக் காரணம் உண்டு. அதை அறிந்து பேசுகிறோமா? தொழிலை ஒருமுறை தேர்ந்தோம்; சொல்லை நாள்தோறும் தேர்கிறோம். வளர்ந்த பிள்ளைகள் இதனை ஆடினால், "ரெக்ஸிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்போமாக.