அந்தக் குழாயைக் கழுவுவது யார்?



எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவருக்கு மூன்று மாதமாக மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும், "எத்தனை பேர்ர வாய்க்குள்ள போன குழாய் அது, எனக்கு வாணாம்" என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பலர் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயம், திரும்பி வந்ததுதான் பிழை.

அந்தக் குழாய் விலை கூடியது, ஊசியைப் போல ஒருமுறை பாவித்து எறிய முடியாது. கத்தரிக்கோலைப் போல நீராவியில் அவித்தால் பழுதாகிவிடும். ஆகவே கையால்தான் தொடங்க வேண்டும். வெளியே எடுத்த உடனே, அழுக்குக் காய முதல், துடைத்து, சவர்க்காரக் கரைசலை உள்ளே உறிஞ்ச விடுவார்கள். எங்காவது ஒழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே ஓடும் மெல்லிய துவாரங்களை நீண்ட பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். அதன் பிறகே குளூட்டரல்டிஹைட் போன்ற கிருமிகொல்லியில் குறித்த நேரம் ஊறவிட்டு, அலசி, காயவைத்து, தொங்கவிடுவது. நகத்தில் கியூடெக்ஸ் இருந்தால் வுழு கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோமே, அதே கணக்குத்தான். காய்ந்த அழுக்குக்குக் கீழே மருந்து போய்ச் சேராது.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2015 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலையில், தயாரித்த கம்பனி சொன்னபடி கழுவியும், 7 பேருக்கு மருந்துக்கு மசியாத கிருமி தொற்றியது. 2 பேரின் மரணத்துக்கு அதுவும் ஒரு காரணம். 179 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று அறிவித்தார்கள். அது பித்தக்குழாய் வரை போகும் கருவி, நுனியில் சிக்கலான ஓர் இடுக்கு இருக்கும். வயிற்றைப் பார்க்கும் சாதாரண குழாயில் அது இல்லை.

நம் வன்னித் தண்ணீரைத்தான் தெரியுமே, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். கடைசியாக அலசும் தண்ணீருக்கு நல்ல ஃபில்டர் வேண்டும். பிரஷ் வேண்டும், கரைசலின் வீரியம் பார்க்கும் பட்டி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழகிய ஒரு கை வேண்டும். மெஷின் கொடுத்தால் ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம், பிரஷ் கொடுத்தால் யார் படம் எடுப்பார்கள்? வெளிநாட்டு உறவுகளிடம் உதவி கேட்கும்போதும், வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் பேசும்போதும், இதைக் கேட்போம். இன்னொன்று: "எங்கட ஆளை முதல்ல விடுங்க" என்று டெலிபோன் எடுத்து அவசரப்படுத்தாதீர்கள். அந்த அவசரத்தில் குறைவது கழுவும் நேரம்தான்.

அந்தப் பெரியவர் போன கிழமை போய் வந்தார். புண்தானாம், குளிசை குடிக்கிறார். "எப்படிக் கழுவுறீங்க மகள்?" என்று தாதியிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை கோபிக்காமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதாம்.