'777' போட்டா பிரச்சினை தீர்ந்திடுமா?
ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்று. வெளிச்சுற்று வீதிகளில் வீடு, கடை, பைக் எல்லாம் உண்டு. கருவறைக்குள் அர்ச்சகர்கள் மட்டும்.

லினக்ஸ் சர்வரும் அப்படித்தான். ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர், குழு, மற்றவர்கள் என மூன்று தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. '777' என்றால் சர்வரில் உள்ள எந்த யூசர் கணக்கும் அந்த ஃபைலை மாற்றலாம்.

திருச்சி நவல்பட்டு ஐடி பார்க்கோ, வீடோ, 'பெர்மிஷன் டினைடு' வந்ததும் அவசரத்தில் கை போவது இதுக்குத்தான். எரர் போயிடும். ஆனால் தளத்தில் ஓர் ஓட்டை கிடைத்தால், உள்ளே வருபவருக்கும் அதே உரிமை!

2017-ல் சுமார் 210 அரசு இணையதளங்களில் மக்களின் ஆதார் விவரங்கள் வெளியே தெரிந்ததை ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. அது இந்த எண்ணால் வந்த வினை அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான்: யார் எதைப் பார்க்கலாம்?

பொதுவாக ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755, பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் ஃபைலுக்கு 640 அல்லது 600 போதும். எரர் வந்தால், ஃபைலின் உரிமையாளர் யாருன்னு முதல்ல பாருங்க. சாவி சேரலைன்னா சரியான சாவியைத் தேடணும். கதவையே கழட்டி வைக்கக் கூடாது.