முயல் கூண்டும் கிணற்றுப் படியும்

தண்ணீரைக் கண்டு அலறும் பிள்ளையை அதிலேயே தூக்கிப் போட்டால் பயம் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் இன்னும் ஓயவில்லை. 2021இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 25ஆம் தேதியை நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற பேச்சு ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி எழுகிறது. நியாயமான பேச்சுதான். கூடவே, "எங்கப்பா கிணத்துல தள்ளிவிட்டாரு, அப்படித்தான் கத்துக்கிட்டேன்" என்ற பெருமிதமும் தவறாமல் வந்துவிடுகிறது. தள்ளிவிடப்பட்டு நீந்தக் கற்றவர்கள் அதைக் கதையாகச் சொல்கிறார்கள். தள்ளிவிடப்பட்டதால் ஆயுள் முழுக்கக் கரையிலேயே நின்றுவிட்டவர்கள் வாய் திறப்பதில்லை.

தண்ணீர்ப் பயத்துக்கு உடலிலேயே காரணம் உண்டு. மார்பளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் நெஞ்சுக்கூட்டை அமுக்குவதால் மூச்சை இழுப்பது சிரமமாகிறது. சில்லென்ற நீர் பட்டதும் மூச்சு தன்னையறியாமல் வெடுக்கென உள்ளே போகும். அந்நேரம் வாயருகே தண்ணீர் இருந்தால் புரையேறும். பயந்த பிள்ளை தலையை உயரத் தூக்குகிறது; தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். ஆக, பயமே பிள்ளையை மூழ்கடிக்கிறது. ஏதோ ஒரு விபத்தில் மிரண்டிருக்கும் என்று பெற்றோர் தேடுவதும் பெரும்பாலும் வீண். தண்ணீருக்கு அஞ்சும் 50 பிள்ளைகளின் பெற்றோரிடம் மென்சீஸ், கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள் விசாரித்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் பிள்ளை முதன்முதலில் நீரைத் தொட்டபோதே அஞ்சியதாகச் சொன்னார்கள்.

பிள்ளையின் பயத்தைப் போக்குவது எப்படி என்ற கேள்விக்கு நல்ல விடை நூறாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அது கிடைத்த இடத்தில் தண்ணீர் இல்லை. ஒரு முயல் இருந்தது. ஒரு கைக்குழந்தையின் பின்னால் இரும்புக் கம்பியைத் தட்டி ஓசையெழுப்பி, வெள்ளெலியைக் கண்டாலே அழும்படி செய்துகாட்டினார் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன். 1920இல் வெளியான அந்தச் சோதனை இன்றும் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. பயத்தை ஊட்ட முடியுமானால் எடுக்கவும் முடியுமா என்று கேட்ட மேரி கவர் ஜோன்ஸுக்கு அந்தப் புகழில் கால்வாசி கூட வந்து சேரவில்லை. அது பெரும் அநியாயம்.

ஜோன்ஸின் கட்டுரைகள் 1924இல் வெளிவந்தன. பீட்டர் என்று அவர் பெயரிட்ட சிறுவனுக்கு மூன்று வயது நிரம்பவில்லை. முயல், எலி, உரோமக் கோட்டு, பஞ்சு எல்லாமே அவனுக்குப் பயம். அவனை உயர நாற்காலியில் உட்கார வைத்து, பிடித்த தின்பண்டத்தைக் கொடுப்பார்கள். அவன் தின்பதை நிறுத்தாத அளவு தூரத்தில் முயல் கூண்டு வைக்கப்படும். முகம் சுருங்கினால் கூண்டு அதற்குமேல் நகராது. பயமறியாத பிள்ளைகளும் அவனோடு விளையாடுவார்கள். இடையில் காய்ச்சலோடு இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வெளியே வந்த அன்று ஒரு பெரிய நாய் பாய்ந்ததில், பயம் பழைய நிலைக்கே திரும்பியது. ஜோன்ஸ் சலிக்கவில்லை, மறுபடி தொலைவிலிருந்தே தொடங்கினார். கடைசியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் பீட்டர் விட்டான்.

வேறு பல வழிகளையும் ஜோன்ஸ் பல பிள்ளைகளிடம் சோதித்தார். காலப்போக்கில் சரியாகும் என்று விட்டுவிடுவது, எடுத்துச் சொல்வது, மற்றப் பிள்ளைகள் கேலி செய்வது, திரும்பத் திரும்ப எதிரே கொண்டுபோய் நிறுத்துவது ஆகிய எதையும் நம்ப முடியவில்லை. இவைதான் "வளர்ந்தா சரியாயிடும்", "பாரு, தங்கச்சியே குதிக்கிறா" என்று வீடுகளில் அன்றாடம் கேட்பவை. நிச்சயமாகப் பலன் தந்தவை இரண்டே: பிடித்த ஒன்றோடு பயத்தைச் சேர்ப்பது, அஞ்சாத பிள்ளைகளோடு கலந்து பழக விடுவது. மற்றவர்கள் நீந்துவதை வெறுமனே பார்ப்பது போதாது என்பதை மென்சீஸும் கிளார்க்கும் வேறோர் ஆய்வில் காட்டினார்கள். படிப்படியாக நீரில் இறங்கிய பிள்ளைகளே தேறினார்கள்.

கிராமத்துக் கிணறுகளிலும் இந்த வழி இருந்தது. காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டி, இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் படியில் நிற்கும் பெரியவர் பிடித்துக்கொள்வார். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால்; பிள்ளை படியை விட்டுக் கையை எடுக்கும்வரை கயிறு இழுக்கப்படாது. தள்ளிவிட்ட கதைகள் பரவிய அளவுக்கு இந்தக் கயிற்றின் கதை பரவவில்லை.

நீச்சல் குளத்திலும் வரிசை அதுவே. படியில் உட்கார்ந்து காலாட்டுவது, குவளையால் தோளில் ஊற்றிக்கொள்வது, வாயை நீரில் வைத்துக் குமிழி விடுவது, முகம் முழுதும் நனைப்பது, காதுவரை மூழ்கி மல்லாந்து மிதப்பது. இவற்றில் குமிழி விடுவதற்கே அதிக நாள் கொடுக்க வேண்டும். மூச்சை வெளியே விடும்போது மூக்கில் தண்ணீர் ஏறாது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்வது அங்கேதான். காய்ச்சலாலோ பள்ளித் தேர்வாலோ பயிற்சி விட்டுப்போனால் பீட்டரைப் போலவே முதல் படிக்குத் திரும்ப நேரலாம்.

மிதக்கத் தெரிவதும் நீந்தத் தெரிவதும் வேறு வேறு. பயம் விலகிய பிள்ளை, நீச்சல் வருமுன்பே ஆழத்துக்குப் போகத் துணியும். அந்த இடைப்பட்ட மாதங்களில் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது போதாது.