படுவான்கரை மண்ணை ஆராய்வார் யார்?

காணித் தகராறொன்றின் பொருட்டுப் பழைய உறுதியொன்றை எம்மிடம் கொண்டுவந்தார் படுவான்கரை விவசாயி ஒருவர். எல்லைகள் நான்கையும் வாசித்து விளக்கி முடித்தோம். அவர் எழுந்து செல்லவில்லை. "ஐயா, நாலு எல்லையும் சரியெண்டு சொல்லிப்போட்டீங்க. இந்த மண்ணுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆரிட்டப் போய்க் கேக்கிற?" என்றார். வாவியோரமாயுள்ள அவருடைய வயலில் ஒரு துண்டு மூன்று போகமாய்க் கருகிப் போயிற்றாம். பசளையைக் கூட்டிப் பார்த்தார். விதையை மாற்றிப் பார்த்தார். மருந்தும் அடித்துப் பார்த்தார். உப்பா, நோயா, சத்துக் குறைவா என்று அளந்து சொல்ல ஒருவரும் அவருக்குக் கிடைக்கவில்லை. உறுதி முடிக்க நொத்தாரிசு இருக்கிறார். நிலத்தை அளக்க நிலஅளவையாளர் இருக்கிறார். வழக்காட நாம் இருக்கிறோம். மண்ணைப் பற்றிக் கேட்டால் மட்டும் மறுமொழி சொல்வாரில்லை.

இக்கேள்வி ஒரு தனிமனிதரின் துண்டுக் காணியைப் பற்றியதன்று. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கரையில் நெல் விதைக்கும் அத்தனை பேருக்கும் உரிய கேள்வி. மாரியில் உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களின் மிகைநீரும் காட்டு வெள்ளமும் வாவியை நோக்கி இறங்க, தாழ்ந்த வயல்கள் மூழ்குகின்றன. 2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த வெள்ளத்தை மறந்தவர் நம்மிடையே இல்லை. கோடையில் ஆற்றுநீர் வரத்து ஒடுங்க, கடலின் உப்பு வாவி வழியே உள்ளேறுகிறது. ஒரே நிலம் ஆறு மாத இடைவெளியில் வெள்ளத்துக்கும் உவருக்கும் இரையாகும் இவ்விந்தையை, குளத்து நீரை நம்பி வாழும் அனுராதபுரத்து வயலிலோ, ஈரவலயத்து வயலிலோ காண முடியாது.

மண்ணும் அவ்வாறே வேறு. வடமத்திய மாகாணத்து மகா இலுப்பள்ளம் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருப்பது செங்கபில மண்ணிலே. நம் பகுதியில் பெரிதும் காணப்படுவது சுண்ணாம்புச் சத்தற்ற கபில மண். கரையோரத்தில் வெறும் மணல். பள்ளங்களிலே சோடியம் ஏறி இறுகிய மண். மணற்பாங்கான நிலத்தில் ஒரே தடவையில் இடும் யூரியாவிற் பெரும்பங்கு பயிருக்கு எட்டாமல் நீரோடு கீழிறங்கிப் போகும். அதனைப் பலமுறையாகப் பிரித்து இடவேண்டும். எத்தனை முறை, எந்நாளில், எவ்வளவு என்பதை அந்த மண்ணிலேயே பயிரிட்டுப் பார்த்தாலன்றிச் சொல்ல இயலாது.

உவரைப் பற்றிய கணக்கு இன்னும் கடுமையானது. மண்ணின் உப்பை அதன் மின்கடத்துதிறனால் அளப்பர். மீற்றருக்கு 3 டெசிசீமன் வரை நெல் தாங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் நூற்றுக்கு 12 வீதம் குறையும் என்பது உலக உணவு விவசாய நிறுவனமும் எடுத்தாளும் கணக்கு. அவ்வாறாயின் 6 அலகு உப்புள்ள வயலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் விளைச்சல் போய்விடும். முளைக்கும் பருவத்தில் ஓரளவு உப்பைத் தாங்கும் நெல், இளம்பயிராய் நிற்கும் நாட்களிலும் பூக்கும் நாட்களிலும் தாங்குவதில்லை. ஆகவே விதைத்தவர் பச்சையைக் கண்டு மகிழ்ந்திருக்க, அறுவடையில் பதர் குவிகிறது. பழி விதைக்கும் பசளைக் கடைக்கும் போகிறது. அளக்கும் கருவியோ சட்டைப்பைக்குள் அடங்குவது. கமநல சேவை நிலையங்கள் தோறும் அதனை வைத்து, வட்டவிதானைமாரைக் கொண்டு கண்டம் கண்டமாய் மாதந்தோறும் அளந்து எழுதி வைத்தாலே இரண்டு ஆண்டுகளில் வாவிக்கரையின் உவர் வரைபடம் நம் கைக்கு வந்துவிடும். ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாய்களை மட்டும் நினைத்து அஞ்சுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

நாட்டில் நெல் ஆராய்ச்சி நடைபெறவில்லை என்று நாம் கூற வரவில்லை. கூறினால் நன்றி கொன்றவராவோம். குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் 1952இல் தொடங்கிய நிலையம் இந்நாட்டின் உணவு வரலாற்றையே மாற்றியது. ஹெக்டர் வீரரத்ன அங்கே உருவாக்கிய எச்-4 நெல் 1958இல் வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று இந்தோனேசியாவின் மாஸ். மற்றொன்று முருங்கைக்காயன் 302. முருங்கைக்காயன்! நம் பாட்டன்மார் தமிழில் பெயரிட்டு அழைத்த நெல், பத்தலகொடைக்குப் போய் எண் பெற்று, எச்-4 ஆகி நம் வயலுக்கே திரும்பி வந்தது. இதில் எமக்கு மனத்தாங்கல் இல்லை; பெருமையே உண்டு. ஆயினும் நம் மூட்டைகளின் மேலுள்ள எழுத்துகளைச் சற்று நோக்குக. பிஜி என்றால் பத்தலகொட. ஏடி என்றால் அம்பலாந்தோட்டை. பிடபிள்யூ என்றால் பொம்புவல. எல்டி என்றால் லபுதுவ. இவ்வெழுத்துகளில் ஒன்றேனும் வாவிக்கரை ஊரொன்றின் பெயரைச் சுட்டவில்லை. நெல்லை விளைவிப்பவர் நாம். நெல்லுக்குப் பெயர் வைக்கும் இடம் வேறு.

சம்மாந்துறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இல்லையா, கரடியனாற்றில் விவசாயப் பண்ணையும் பயிற்சி நிலையமும் இல்லையா என்று கேட்கப்படலாம். உண்டு. அங்கே பணியாற்றுவோரின் உழைப்பையும் நாம் அறிவோம். ஆனால் கிளை கிளையே. எதனை ஆராய்வது என்று தீர்மானிக்கும் மேசை பத்தலகொடையிலும் பேராதனையிலும் இருக்கும்வரை, வாவிக்கரையின் கேள்வி அம்மேசையில் கடைசி இடத்தையே பெறும். கரடியனாறோ உள்நாட்டில் இருப்பது. வாவியின் உப்பு அங்கே எட்டாது.

உவரைத் தாங்கும் ஏடி 354 என்னும் இனத்தை நம்மிற் பலர் அறிவர். அம்பலாந்தோட்டையில் அதனை உருவாக்கியபோது பொக்காளி என்னும் நெல்லின் குருதி அதிற் சேர்க்கப்பட்டது. பொக்காளி கேரளத்துக் கடலோர உவர்நிலங்களில் உழவர் நெடுங்காலம் காத்துவந்த நெல். வேம்பநாட்டுக் காயலை அண்டிய அந்நிலங்கள் நம் வாவிக்கரைக்கு உடன்பிறந்தவை எனலாம். மாரியிலே மழைநீர் உப்பைக் கழுவ நெல். அறுவடையின் பின் உவர்நீரை உள்ளே விட்டு இறால். இது அங்குள்ள முறை. கேரளத்தார் அந்த நெல்லை ஆராய மலையடிவாரத்தில் நிலையம் அமைக்கவில்லை. கொச்சியை அடுத்த வைற்றிலவில், உவர்நிலத்தின் நடுவிலேயே அமைத்தனர். தமிழகத்திலும் காவிரிப் பாசன நெல்லுக்கான நிலையத்தை 1922இல் ஆடுதுறையில், வயல்களின் நடுவிலேதான் நிறுவினர். பின்னாளில் தஞ்சை வயல்களை நிரப்பிய ஏடிடி இனங்கள் அவ்வூரின் பெயரையே தாங்கின. மட்டக்களப்புக்கு மட்டும் அந்நியாயம் ஏன்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். இதனை எழுத எம்மைத் தூண்டியதே அதுதான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழி அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணை இடம்பெற்றது. அதன் முதலாம் நிரல், அதாவது மாகாண சபை நிரல், 9ஆம் உருப்படியின் மூன்றாம் பிரிவில் விவசாய ஆராய்ச்சியை மாகாணத்துக்கு வழங்குகிறது. ஒரே ஒரு விலக்கு: தேசிய விவசாய ஆராய்ச்சி நிறுவனங்கள் எனக் குறிக்கப்பட்டவை நீங்கலாக. காணி அதிகாரம் பற்றியும் பொலிஸ் அதிகாரம் பற்றியும் மேடைதோறும் முழங்கிய நாம், இந்த ஒற்றை வரியை எத்தனை மேடையில் எடுத்துரைத்தோம்? குற்றம் கொழும்புக்கு மட்டும் உரியதன்று. சட்டம் கற்ற எம்மைப் போன்றோரே இதனைப் புரட்டிப் பார்க்கச் சோம்பியிருந்தோம்.

அந்த விலக்கைக் காட்டி, ஆராய்ச்சி முழுவதும் மத்தியின் கையிலே என்று வாதிடுவார் உளர். அவ்வாதம் நில்லாது. விலக்கு நிறுவனங்களுக்கே அன்றி விடயத்துக்கு அன்று. பத்தலகொடை தேசிய நிறுவனமாகவே இருக்கட்டும். மாகாணம் தன் பொறுப்பில் புதியதொரு நிலையத்தை அமைப்பதை அவ்வரி தடுக்கவில்லை. எந்நிறுவனத்தையும் தேசியம் எனக் குறிக்கும் எழுதுகோல் மத்தியின் கையில் இருக்கிறதே என்ற அச்சம் நியாயமானது. அதே 1987இல் பாராளுமன்றம் 47ஆம் இலக்கச் சட்டத்தால் விவசாய ஆராய்ச்சிக் கொள்கைக்கென ஒரு மன்றத்தைக் கொழும்பிலே நிறுவியதும் உண்மை. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் எண்ணிப் பார்ப்பது அவர்களது பழக்கம். எனினும் பயன்படுத்தாத அதிகாரத்தைப் பறித்துவிட்டார்கள் என்று நீதிமன்றத்தில் எவ்வாறு வாதிடுவது? முதலில் பயன்படுத்த வேண்டும். 2008இலும் 2012இலும் மக்கள் தெரிவுசெய்த கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது; அதன்பின் ஆண்டுகள் பல ஆளுநர் நிருவாகத்திலேயே கழிந்தன. சபைத் தேர்தலை நாம் கோருவதற்கு இதுவும் ஒரு காரணமாதல் வேண்டும்.

உள்ளூர் ஆராய்ச்சி இல்லாமையின் விலை என்ன என்பதை 2021 காட்டிற்று. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானியால் தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே மண், ஒரே பயிர் என்று எண்ணியவர்களின் ஆணை அது. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தும் செவிசாய்ப்பாரில்லை. நவம்பரில் தடையை நீக்கினர்; அதற்குள் பெரும்போகம் விதைத்தாயிற்று. விளைச்சல் நாடெங்கும் வீழ, அரிசியை வெளிநாட்டிலிருந்து இறக்கினர். மணல் வயலில் சேதனப் பசளையால் மட்டும் எத்தனை போகத்தில் என்ன விளைச்சல் வரும் என்பதற்குப் பத்தாண்டுக் கணக்கு நம்மிடம் இருந்திருந்தால், மாகாணமே அதனை மேசையில் வைத்து எதிர்வாதம் செய்திருக்கும். கணக்கு இல்லாதவன் வீதியிலிறங்கிக் கோஷம் போடுவதைத் தவிர வேறென்ன செய்வான்?

வந்தாறுமூலையைப் பற்றியும் கூறியாக வேண்டும். 1981 ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்ரோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனத்தில் விவசாய பீடம் தொடக்க காலத்திலிருந்தே இருந்து வருகிறது. 1990 செப்டெம்பரில் அவ்வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களிலே 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு மீளாத கொடுமையையும், நெடிய போரையும் தாங்கி நின்ற பீடம் அது. அதன் ஆய்விதழ் வெளிவருகிறது. மாணவர் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகின்றனர். எழுதுவதோ ஆங்கிலத்தில். உலக விஞ்ஞானிகளுக்கு ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வெல்லாவெளியில் மண்ணெடுத்து ஆராய்ந்த முடிவு வெல்லாவெளி விவசாயிக்குத் தெரியாமலே நூலகத்து அலுமாரியில் உறங்குவது என்ன முறை? ஒவ்வோர் ஆய்வுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதிக் கமநல சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டுவதற்கு அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. இது நம் படித்தவர்களின் பொறுப்பு. விவசாயப் போதனாசிரியர்களும் அப்போது வெறுங்கையோடு வயலுக்குப் போக வேண்டியிராது.

வாவிக்கே உரிய மற்றொரு வினா இருக்கிறது. மாரியிலே முகத்துவாரத்து மணற்றிட்டை எப்போது வெட்டுவது? வயல் மூழ்கியவர் இன்றே வெட்டு என்பார். மீனவர் பொறு என்பார். இருவரும் நம்மவரே, இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நீர்மட்டம், உப்பு, இறால் மீன் குஞ்சுகளின் வரவு ஆகியவற்றை ஆண்டுக்கணக்காய் அளந்த ஏடு இருந்தால் பூசல் குறையும். வாவியின் தென்கோடி அம்பாறை மாவட்டத்தில் இருப்பதால், மட்டக்களப்பு மட்டும் தனித்து இதனைச் செய்யவும் இயலாது. 1961இல் வகுத்த மாவட்ட எல்லை உப்புக்குத் தெரியாது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே விதைக்கும் கரை இது. ஆராய்ச்சி நிலையம் அமையுமாயின் அதன் நிருவாக சபையில் இரு மாவட்டத்து விவசாய அமைப்புகளும், மீனவர் சங்கங்களும், பீடத்து ஆசிரியர்களும் ஒன்றாய் அமர வேண்டும்.

வரும் பெரும்போக ஆரம்பக் கூட்டங்களில், நீர் விடும் நாளையும் விதைப்பு முடிக்கும் நாளையும் தீர்மானித்துவிட்டுக் கலைந்து போகாமல், ஒன்பதாம் அட்டவணையின் அவ்வரியைச் சுட்டி, வாவிக்கரை உவர்நிலத்தில் மாகாண விவசாய ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்ற தீர்மானத்தை ஒவ்வோர் அமைப்பும் நிறைவேற்றி அரசாங்க அதிபரிடமும் மாகாண விவசாய அமைச்சிடமும் கையளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வாசகம் வேண்டுவோருக்கு எழுதித் தருவோம், கட்டணமில்லை.

அந்த விவசாயியின் வயலில் கருகிய துண்டிலிருந்தும் கருகாத துண்டிலிருந்தும் இரு பொதி மண்ணை, எமக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவர் வழியாகச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். அறிமுகம் இருந்தபடியால் எமக்கு அது இயன்றது, அவருக்கு இயன்றிருக்காது. விடை வந்ததும் இப்பத்திரிகையில் வெளியிடுவோம்.